அங்குல நாடாவின் சரித்திரம்

கர்ப்பிணியின் வயிற்றைப் பார்த்தே மாதம் சொல்லிவிடும் பாட்டிமார்கள் நம் குடும்பங்களில் எப்போதும் இருந்திருக்கிறார்கள். "வயிறு இறங்கிவிட்டது; இன்னும் பத்தே நாள்" என்பார்கள். பல சமயம் பலித்தும் விடும். ஆனால், உள்ளே இருக்கும் சிசு போன மாதத்தைவிட இந்த மாதம் வளர்ந்திருக்கிறதா என்று கேட்டால், பாட்டியின் கண்ணும் தடுமாறத்தான் செய்யும். அந்தக் கேள்விக்கு விடை தேடிய கதை சுவாரஸ்யமானது.

முதலில் உதவியது காதுதான். 1818-ல் ஜெனீவாவில் மேயோர் என்ற வைத்தியர், தாயின் வயிற்றில் காதை வைத்துச் சிசுவின் இருதயத் துடிப்பைக் கேட்டார். 1821-ல் பிரான்ஸில் கெர்காரடெக் என்பவர், பனிக்குடத்து நீரின் சலசலப்பைக் கேட்கலாம் என்று ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். காதில் விழுந்ததோ கடிகாரத்தின் டிக் டிக்!

துடிப்பு, உயிர் இருக்கிறது என்று சொல்லும். வளர்கிறது என்று சொல்லாது. அதற்குத் தையற்காரரின் நாடாதான் கைகொடுத்தது. கர்ப்பப்பையின் உயரத்தை நாடாவால் அளக்கும் முறையை 1906-ல் அமெரிக்க வைத்தியர் மக்டொனால்ட் எழுதி வைத்தார். இருபத்துநாலு வாரம் கடந்த பிறகு, சென்டிமீட்டர் கணக்கும் வாரக் கணக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே போகும். 32 வாரத்தில் 28 தான் இருந்தால், ஏன் என்று பார்த்தாக வேண்டும்.

நம் சென்னையில் பிரசவ ஆஸ்பத்திரி தோன்றியது 1844-ல். இன்றும் எழும்பூரில் நடக்கிறது. அங்கே பணியாற்றிய டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் 1938-ல் வெளியிட்ட பிரசவ வைத்திய நூல், பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடப்புத்தகமாயிற்று.

ஸ்கேன் வந்த வழி இன்னும் விசித்திரம். இரும்பில் விரிசல் கண்டுபிடிக்கும் ஒலிக் கருவியை, கிளாஸ்கோவின் டாக்டர் இயன் டொனால்ட் மனித உடம்பில் பிரயோகித்து 1958-ல் முடிவுகளை வெளியிட்டார். பின்பு சிசுவின் தலையை அளந்தார்கள். வயிற்றின் சுற்றளவையும் அளந்தார்கள். வயிறு ஏன்? நஞ்சுக்கொடி வழியாகப் போஷாக்குக் குறையும்போது, சிசுவின் உடம்பு உள்ளதை மூளைக்கு முதலில் அனுப்பிவிடுகிறது, கல்லீரல் மெலிகிறது. பஞ்ச காலத்தில் குழந்தைக்குச் சோறிட்டுத் தான் பட்டினி கிடக்கும் தாயைப் போல! ஆகையால் தலை சரியாக இருக்கும்போதே வயிறு காட்டிக் கொடுத்துவிடுகிறது.

அதே கருவியைக் கொண்டு பெண் சிசுக்களைத் தேடிக் கொன்றதும் நம் நாட்டில் நடந்தது. 1994-ல் சட்டம் வர வேண்டியதாயிற்று. பாவம், கருவி என்ன செய்யும்?

எங்கள் கோவிலம்பாக்கத்தில் ஸ்கேன் காகிதத்தோடு வரும் பெண்ணை எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "எடை எவ்வளவு?" பரீட்சை மார்க்கு மாதிரி! அந்த எடை கருவி போடும் கணக்குத்தான். நூற்றுக்குப் பத்துப் பதினைந்து கூடவோ குறையவோ இருக்கலாம். முந்திய அளவோடு ஒப்பிட்டால்தான் அதற்கு அர்த்தம். பழைய காகிதத்தையும் செவிலியர் எழுதிய அட்டையையும் குப்பையில் போடுகிறவர்கள், பாதிச் சரித்திரத்தைத் தொலைத்து விடுகிறார்கள்.

இத்தனை கருவிகளுக்கும் முந்தியது தாயின் உணர்வு. வயிற்றில் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தது என்று அவள் சொன்னால், "குழந்தை தூங்குகிறது" என்று சமாதானம் சொல்லக்கூடாது. அடுத்த ஸ்கேன் தேதிக்கும் காத்திருக்கக்கூடாது. பொழுது விடியட்டும் என்றுகூடப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும்.