படகுக்குப் பெரிய இன்ஜின் போட்டா ஸ்பீடு ஏறுமா?

சேலம் பூலாம்பட்டியில விசைப்படகு ஏறி, காவிரியைக் கடந்து நெரிஞ்சிப்பேட்டை போயிருக்கீங்களா? 'இன்னும் பெரிய இன்ஜின் போட்டா பறக்குமே'னு தோணியிருக்கும். லாரிக்கு ஓகே, படகுக்கு அப்படி இல்லை பாஸ்! தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகின் வேகத்தை அதன் நீளம்தான் கட்டிப்போடுகிறது. 36 அடிப் படகு என்றால் மணிக்குச் சுமார் 15 கி.மீ. அதற்கு மேல் முறுக்கினால், தான் எழுப்பிய அலை மேலேயே ஏறப் பார்க்கும், டீசல்தான் காலி. புரொப்பல்லர், ஷாஃப்ட், கியர்பாக்ஸும் மாற்ற வேண்டிவரும். பின்பக்கம் எடை கூடினால் அந்தப் பக்கம் அமிழும். ஆட்கள் ஏறும் படகில் இது விளையாட்டு இல்லை. கடலில் சட்டமும் உண்டு: தமிழக மீன்பிடி விசைப்படகுக்கு 240 குதிரைத்திறன்தான் உச்சம். அதிவேக சீன இன்ஜின்களுக்கு எதிராகச் சென்னை காசிமேட்டு மீனவர்கள் 2017-லேயே தெருவில் இறங்கிவிட்டார்கள்.