தலைக்கட்டு நோட்டில் இல்லாதவர்கள்: திருச்சுழிச் சீமையும் சிலோன் குடும்பங்களும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்திலிருந்து சிலோன் தோட்டங்களுக்கு ஆள் போனதற்குப் பஞ்சமே காரணம் என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. வானம் பார்த்த பூமி, எப்போதாவது தண்ணீர் ஓடும் குண்டாறு, 1876–78 தாது வருடப் பஞ்சம் எல்லாம் மெய்தான். ஆனால் மழை ஊருக்கே பொய்த்தது; ஊரே கப்பலேறிவிடவில்லை. கண்மாய்ப் பாசனத்தில் பங்கில்லாதவர்களும் கடனில் சிக்கியவர்களும், அவர்களிலும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினரும்தான் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியிடம் முன்பணம் வாங்கிப் புறப்பட்டார்கள். தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில் கால்வைக்கும் முன்பே அந்தப் பணம் அவர்கள் பேரில் கடனாக ஏறியிருந்தது. ஆகவே இந்தப் பெயர்வை மழைக் கணக்கைவிட நிலக் கணக்கில் வைத்துப் படிப்பதே பொருந்தும்.

திரும்பி வந்த கதையும் அவர்களைக் கேட்டு நடந்ததல்ல. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. வந்தவர்களில் பலர் நீலகிரித் தேயிலைக்கே போனார்கள். பாட்டன் ஊர் பலருக்கு வாய்ச்சொல்லாகவே நின்றது.

இந்தச் சீமையில் சிதறியவர்கள் கூடும் இடம் குலசாமி கோயில். மாசிக் களரி என்னும் குலசாமித் திருவிழாவுக்குச் சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பங்காளிகள் வந்து இறங்குகிறார்கள். கோயில் திண்ணையில் ஒருவர் நோட்டை விரித்து உட்கார்ந்திருப்பார். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு, பெயருக்கு எதிரே வரி. வரி நின்றால் இரண்டொரு தலைமுறையில் பெயரும் நின்றுவிடும். ஊர்க் கோயிலிலிருந்து பிடிமண் கொண்டுபோய்த் தோட்டத்தில் அதே சாமியை நட்ட குடும்பத்துக்கும் இதே கதிதான். வம்சாவளிக்கு இந்த நோட்டையே சான்றாகக் கொள்ளும் நம் ஆய்வுகள், ஊர் விலக்கியதை இரண்டாம் முறை விலக்குகின்றன.

களரியோடு ஒப்பிட ஓர் உதாரணம்: கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் ஆஃப்ரிக்வில் என்ற கறுப்பினக் குடியிருப்பை 1960-களில் நகராட்சி இடித்துத் தள்ளியது. வாரிசுகள் 1983 முதல் கோடையில் அதே மண்ணில் கூடுகிறார்கள். அங்கும் விருந்து உண்டு, பாட்டு உண்டு. ஆனால் அந்தக் கூட்டம் நகராட்சியைப் பார்த்துப் பேசியது, 2010-இல் மன்னிப்பும் வந்தது. களரி சாமியைப் பார்க்கிறது, பங்காளியைப் பார்க்கிறது. போனவர் ஏன் போனார் என்று ஊரைக் கேட்பதில்லை. இதைப் பக்தியின் குறை என்று சொல்ல மாட்டேன். கேட்கவேண்டியவர் அந்தத் திண்ணையில் இல்லை, அவ்வளவுதான்.

2023-இல், மலையகத் தமிழர் எனப்படும் இந்தத் தோட்ட மக்கள் இலங்கைக்கு வந்த 200 ஆண்டை ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள், முன்னோர் நடந்து மாண்ட காட்டுவழியை நினைவில் கொண்டு, இலங்கை அரசிடம் உரிமை கேட்டார்கள். கடலுக்கு இப்பாலுள்ள கண்மாய்க்கரை ஊர்கள் அந்தக் கணக்கில் இன்னும் எதிர்த்தரப்பாகச் சேரவில்லை. சேர்ப்பதானால் களரி நோட்டு உதவாது. லயத்தில் சாதி மாறி நடந்த கல்யாணங்களும் பெண்வழிப் பேரப்பிள்ளைகளும் அதில் ஏறுவதில்லை. அம்மாச்சி சொன்ன ஊர்ப்பெயரை மண்டபம் முகாம் வழியாகப் போனவர்களின் பதிவுகளோடும் ஜமீன் நில ஆவணங்களோடும் ஒப்பிட்டே அந்த வேலையைத் தொடங்க முடியும்.