பாறையில் பெயர் பொறித்த கொல்லன்

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், பூஞ்சேரி என்ற ஊரில், 'நொண்டி வீரப்பன் தொட்டி' என்று ஊரார் சொல்லும் ஒரு பாறை இருக்கிறது. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் வரும் கூட்டம் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பாறையில் சிலையும் இல்லை, தூணும் இல்லை; சில பெயர்கள் மட்டும் வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பய்யமிழிப்பான், சாதமுக்கியன், கலியாணி, திருவொற்றியூர் அபாஜர், கொல்லன் சேமகன். பல்லவர் காலத்தில் இந்தக் கரையில் கல் செதுக்கியவர்களின் பெயர்கள் இவை என்று வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள். மன்னர்களின் பட்டப்பெயர்கள் சுவர் சுவராக நிறைந்திருக்கும் ஊரில், வேலை செய்தவர்களின் பெயர் கிடைப்பதே அபூர்வம்.

அந்த அபூர்வத்துக்குள் இன்னொன்று, கல்தச்சர் வரிசையில் ஓர் இரும்புக் கொல்லர் இருப்பது.

கல் வேலை நடக்கும் இடத்தில் கொல்லருக்கு என்ன வேலை என்று கேட்பவர், கருங்கல்லில் உளி வைத்துப் பார்க்காதவராகத்தான் இருப்பார். கூர்முனை உளியைக் கல்லில் வைத்துச் சுத்தியால் அடித்துக்கொண்டே போனால், கல் கொஞ்சம் தேயும், உளி அதைவிட வேகமாகத் தேயும். முனை மழுங்கிய உளி கல்லை வெட்டாது, பொடியாக்கிவிட்டு வழுக்கும். ஆகவே ஒரு சிற்பிக்கு ஒரு உளி போதாது. ஒரு கட்டு உளி வேண்டும். மழுங்கியவற்றை உடனுக்குடன் உலைக்கு அனுப்பி, தீட்டியவற்றைத் திரும்ப வாங்க வேண்டும். சிற்பக்கூடம் எத்தனை பெரிதோ அத்தனைக்கு உலையும் எரிய வேண்டும்.

பல்லவர் கதையில் இரும்புக்கு ஒரு வினோதமான இடம் உண்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் ஒரு குடைவரையைக் குடைவித்தான். பிரம்மன், சிவன், திருமால் மூவருக்குமான அந்தக் கோயிலை செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் எடுப்பித்ததாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டில் பெருமை பேசுகிறான். கட்டடத்துக்குள் உலோகம் இல்லை என்பது உண்மை. ஆனால் அந்தக் கட்டடம் பாறைக்குள்ளிருந்து வெளியே வந்ததே உலோகத்தால்தான். இரும்பு உள்ளே போய் வேலையை முடித்துவிட்டு, தடம் மட்டும் வைத்துவிட்டு வெளியேறிவிட்டது.

அந்தத் தடத்தை மாமல்லபுரத்தில் முடிக்கப்படாத வேலைகளில் பார்க்கலாம். பாறையின் முகப்பில் குறுக்கும் நெடுக்குமாகக் காடி வெட்டி, கட்டம் கட்டமாகப் பிரித்து, நடுவில் துருத்திக்கொண்டு நிற்கும் சதுரங்களை ஒவ்வொன்றாகத் தட்டி எறிந்து உள்ளே போயிருக்கிறார்கள். ஒரு சதுரம் விழுந்ததும் அடுத்த அடுக்குக்குக் காடி. ஐந்து ரதங்களில் மேலே சிற்பம் முடிந்து கீழே கல் கரடாக நிற்பதும், பிடாரி ரதமும் வலையன்குட்டை ரதமும் பாதியில் நிற்பதும் இந்த முறையைக் காட்டிக்கொடுக்கின்றன. ஒவ்வொரு காடியிலும் உளிமுனை விழுந்த புள்ளிகள் வரிசையாகத் தெரியும். அத்தனை புள்ளிகளுக்கும் பின்னால் ஓர் உலை எரிந்திருக்கிறது.

இந்த வட்டாரத்துக்கு இரும்பு பல்லவர்களோடு வந்ததல்ல. செங்கல்பட்டுப் பகுதியின் குன்றடிகளிலும் ஏரிக்கரைகளிலும் பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள் நிறைய. சானூரில் 1950லும் 1952லும், திருக்கழுக்குன்றத்தை அடுத்த குன்னத்தூரில் 1955 முதலும் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, பானைகளோடு இரும்புப் பொருள்களும் கிடைத்தன. இறந்தவரோடு இரும்பையும் சேர்த்துப் புதைக்கும் அளவுக்கு அது மதிப்புள்ள பொருளாக இருந்திருக்கிறது. தெற்கே சிவகளையில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு, தமிழகத்து இரும்பின் காலம் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை போகிறது என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அந்தக் கணக்கின் மேல் விவாதம் நடக்கிறது. ஆனால் மகேந்திரவர்மன் பிறப்பதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே இரும்பு புழங்கியதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

உளி அடிப்பது பார்க்க எளிமையான வேலை. கரி உலையில் கம்பியின் நுனியைச் செக்கச்செவேலென்று காய்ச்சி, குறடால் பிடித்து, பட்டறைக்கல்லில் வைத்து நான்கு பக்கமும் திருப்பித் திருப்பித் தட்டினால் முனை வந்துவிடும். சூட்சுமம் அடுத்த கட்டத்தில், தோய்ச்சலில் இருக்கிறது. பழுக்கக் காய்ந்த எஃகு முனையைத் தண்ணீரில் முக்கினால் அது கண்ணாடிபோல் இறுகிவிடும். அப்படியே கல்லில் அடித்தால் முனை தெறித்துவிடும். அதனால் கொல்லர் நுனியை மட்டும் முக்கி எடுத்து, அதில் படிந்த கருமையைச் சுரண்டிவிட்டுக் காத்திருப்பார். உளியின் உடம்பில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல நுனியை நோக்கி ஊரும். அது ஊர ஊர, சுரண்டிய இடத்தில் நிறங்கள் ஓடும்: முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, கடைசியில் நீலம். எந்த நிறம் முனையைத் தொடும்போது மறுபடி தண்ணீரில் முக்குவது என்பதுதான் தொழில். முந்திவிட்டால் முனை உடையும், பிந்திவிட்டால் மடங்கும். வெப்பமானி இல்லாத காலத்தில் கண்ணே வெப்பமானி. கூரையின் நிழலில் உலையை வைப்பதும் இதற்காகத்தான். நல்ல வெயிலில் இந்த நிறங்கள் கண்ணுக்குப் பிடிபடாது.

கொல்லர், தச்சர், கல்தச்சர், கன்னார், தட்டார் என்ற ஐந்து தொழிலாரும் சேர்ந்ததே கம்மாளர் சமூகம். விசுவகர்மாவின் ஐந்து பிள்ளைகள் வழி வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபு. அதில் இரும்புக்குரிய மனுதான் மூத்தவர். மற்ற நால்வருக்கும் கருவி செய்து தருபவர் கொல்லர் என்பதால் அந்த மூப்பு பொருத்தமாகவே இருக்கிறது. ஆனாலும் பூஞ்சேரிப் பாறையைப் போன்ற இடங்கள் குறைவு. சிலைக்கு முன்னால் நின்று சிற்பியை வியப்பவர் அவருடைய கையைத்தான் நினைக்கிறார். அந்தக் கையிலிருந்த உளி எந்த உலையில் வெந்தது என்று கேட்பதில்லை.

உலோகம் தன் முகத்தைக் காட்டிய இடம் கோயிலுக்குள் வேறொன்று உண்டு: கவசம். செம்பு, வெள்ளி, பொன் தகடுகளை அடித்துப் புடைத்துச் சுவாமி திருமேனிக்குச் சாத்துவது. இந்த வேலை உளி வேலைக்கு நேர்மாறு. குங்கிலியமும் செங்கல்பொடியும் எண்ணெயும் காய்ச்சிச் சேர்த்த அரக்குப் படுக்கையில் தகட்டைக் கவிழ்த்துப் பதித்து, பின்பக்கத்திலிருந்து தட்டித் தட்டி, முன்பக்கத்தில் இதழும் கண்ணும் எழும்ப வைப்பார்கள். அடிக்க அடிக்கத் தகடு இறுகும்; மறுபடி நெருப்பில் காட்டி இளக்க வேண்டும். எஃகைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் இறுகும். செம்பைக் காய்ச்சி முக்கினாலோ மெத்தென்றே இருக்கும். இரண்டுக்கும் நெருப்பும் தண்ணீரும்தான் துணை, பலன் மட்டும் எதிரெதிர்.

கவசத்தின் கையை நவீனச் சிற்பத்துக்குக் கொண்டுவந்தவர்கள் இதே கடற்கரையில் குடியேறியவர்கள். அவர்கள் வந்தது சென்னை ஓவியப் பள்ளியிலிருந்து. அது 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கியது; உலோகப் பட்டறை அங்கே அந்நியம் அல்ல. இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கு வித்திட்டதே 1898இல் ஆல்பிரட் சாட்டர்டன் அங்கே நடத்திய சோதனைகள்தான். அந்தப் பள்ளியின் முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரது மாணவர்களும், பத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களை விற்றுச் சேர்த்த பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். இன்று சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்ட ஈஞ்சம்பாக்கம் அன்று செங்கல்பட்டு மாவட்டத்துச் சவுக்குத் தோப்பும் மணலும்.

அங்கே பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்டை அடித்தும் பற்றவைத்தும் உருவங்கள் செய்தார். அவை நேரே முன்னால் நின்று பார்ப்பதற்கானவை. கவசத்தைப் போலவே முகப்புதான் முக்கியம். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் (1946–2017) இயற்பியல் படித்துவிட்டுச் சிற்பத்துக்கு வந்தவர். செம்பையும் பித்தளையையும் வெட்டி, ஒட்டி, கருடனும் அனுமனும் பறவையும் கொடியும் ஒன்றுக்குள் ஒன்று முளைப்பதுபோல் அமைத்தார். பற்றவைத்த தழும்பை மறைக்க அவர்கள் கவலைப்படவில்லை. பல்லவர் பாறையில் வேலையை முடித்து வெளியேறிய உலோகம், இங்கே வேலையாகவே நின்றுவிட்டது.

உலோகமே இப்படி வேலையாக நிற்பது ஐரோப்பியக் கொல்லர்களுக்குப் புதிதல்ல. இரும்பில் ரோஜா அடிப்பது அங்கே பயிற்சிப் பாடம்போல. மெல்லிய தகட்டை வட்டமாக வெட்டி, ஓரத்திலிருந்து கீறி இதழ் பிரித்து, மூன்று நான்கு தகடுகளை ஒரு கம்பியில் கோத்து, சூடேற்றி, உள் இதழிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்து, வெளி இதழ்களை மட்டும் விரித்துவிடுவார்கள். நார்வேயில் 2011 ஜூலை 22 அன்று நடந்த படுகொலைக்குப் பிறகு, உயிர் தப்பியவர்களும் இறந்தவர்களின் குடும்பத்தாரும் பல நாட்டுக் கொல்லர்களும் அடித்த இத்தகைய இரும்பு ரோஜாக்களைச் சேர்த்து, 2019இல் ஓஸ்லோ பேராலயத்தின் முன்னால் நினைவுச்சின்னமாக வைத்தார்கள். அங்கே கொல்லரின் பூ, கொல்லரின் பெயரிலேயே நிற்கிறது. மாமல்லபுரத்துக் கொல்லர் அடித்த பூ எல்லாம் கல்லில், இன்னொருவர் கையால் மலர்ந்தவை.

செங்கல்பட்டுப் பக்கத்துக் கிரில் கடைகளில் இப்போது வாசல் கேட்டுக்கு ரோஜா கேட்டால், எந்திர அச்சில் அழுத்திய இலையும் பூவும் கட்டாகக் கிடைக்கும். வெல்டிங் வைத்து, பொன்னிற பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். உலைக்கே அவசியம் இல்லை.

சிற்பக்கூடங்களிலும் அதே காற்று. தமிழக அரசு 1957இல் மாமல்லபுரத்தில் தொடங்கிய சிற்பப் பள்ளி, இன்று கல்லூரியாகி, கல்லோடு மரமும் உலோகமும் கற்றுத்தருகிறது. அதை நெடுங்காலம் நடத்திய வை. கணபதி ஸ்தபதிதான் 2000இல் திறக்கப்பட்ட கன்னியாகுமரி 133 அடி வள்ளுவர் சிலையின் சிற்பி. 2017இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் வந்தது. இதற்கிடையே கிரைண்டரும் வைரப்பல் பிளேடும் வந்து, வாரக்கணக்கில் நடந்த வெட்டை நாள்கணக்காக்கிவிட்டன. உளியின் முனையில் டங்ஸ்டன் கார்பைடு வைத்தே கடையில் விற்கிறார்கள். அது மழுங்கினால் உலைக்குப் போகாது, சாணைக்குத்தான் போகும். மிச்சம், நுரையீரலுக்குள் போகும் கல் தூசி.

ஆனால் கிரைண்டரின் சக்கரம் நுழையாத மூலைகள் ஒவ்வொரு சிலையிலும் இருக்கின்றன: விரலுக்கும் விரலுக்கும் நடுவே, கண் இமையின் ஓரம், பீடத்துத் தாமரையில் ஓர் இதழ் அடுத்த இதழின் கீழ் நுழையும் இடம். அங்கே இன்னும் உளிதான். அந்த இடுக்குக்கு வேண்டிய அகலமும் வளைவும் கடை உளிகளில் இருக்காது என்பதால், கம்பி வாங்கிக் காய்ச்சித் தனக்கு வேண்டிய வாயைத் தானே அடித்துக்கொள்ளும் சிற்பிகள் உண்டு. அவர்களுக்காகக் கூடத்தின் ஒரு மூலையில், கையால் சுற்றும் ஊதுவிசிறியும் ஒரு கூடை கரியும் வைத்திருப்பார்கள்.