வேர் ஒன்று, கட்டு வேறு: கதையும் கதைப்பின்னலும் நீதிமன்றம் ஏறிய வரலாறு

1978 ஆகஸ்ட் 18 அன்று இந்திய உச்சநீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் பதிப்புரிமைப் பாடத்தில் தவறாமல் படிக்கிறார்கள். திரைக்கதை பயில்வோரும் கதையாடலியல் பயில்வோரும் அதன் பக்கம் போவது குறைவு. ஆர்.ஜி. ஆனந்த் எதிர் டீலக்ஸ் ஃபிலிம்ஸ் என்பது வழக்கின் பெயர். கதை என்பது எது, கதைப்பின்னல் என்பது எது என்று வகுப்பறைகளில் நாம் வரையறை எழுதிக்கொண்டிருக்கிறோம். அந்த வேறுபாட்டைக் கொண்டே ஒரு நாடகாசிரியருக்கு உரிமை உண்டா இல்லையா என்று மூன்று நீதிபதிகள் முடிவு செய்ய வேண்டியிருந்தது. கோட்பாட்டின் வரலாற்றை அந்த வழக்கிலிருந்து பின்னோக்கிப் படித்தால் சில செய்திகள் தெளிவாகின்றன.

ஆனந்த் தொழிலால் கட்டடக் கலைஞர். நாடகமும் எழுதினார், மேடையேற்றவும் செய்தார். 1953இல் அவர் இந்தியில் எழுதிய 'ஹம் ஹிந்துஸ்தானி' மறு ஆண்டு தில்லியில் அரங்கேறியது. தில்லியில் அண்டை அயலாக வாழும் ஒரு பஞ்சாபிக் குடும்பம், ஒரு 'மதராசி'க் குடும்பம்; பிள்ளைகளிடையே காதல்; பெற்றோரிடையே மாகாணப் பற்று. நாடகத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட இயக்குநர் மோகன் சேகல் 1955இல் தில்லிக்கு வந்து அதை முழுமையாகக் கேட்டார். 1956இல் அவர் இயக்கிய 'நியூ டெல்லி' வெளியானது. அதில் பஞ்சாபி இளைஞன் ஒருவன் வாடகை அறை கிடைக்காமல் தமிழனாக வேடமிடுகிறான். தமிழ்ப் பெண்ணைக் காதலிக்கிறான். கிஷோர் குமாரும் வைஜயந்திமாலாவும் நடித்த படம். ஆனந்த் வழக்குத் தொடுத்தார். விசாரணை நீதிமன்றத்திலும் தில்லி உயர்நீதிமன்றத்திலும் தோற்று, உச்சநீதிமன்றம் வந்தார். அங்கும் தோற்றார். நாடகம் எழுதிய ஆண்டிலிருந்து கணக்கிட்டால் 25 ஆண்டுகள்.

நீதிபதி முர்தசா ஃபசல் அலி எழுதிய முதன்மைத் தீர்ப்பின் சாரம் இது: கருத்து, பொருள், கரு, கதைப்பின்னல், வரலாற்று அல்லது புராணச் செய்தி ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை இல்லை, ஆசிரியர் அவற்றுக்குத் தந்த வடிவம், முறை, அடுக்கு, வெளிப்பாடு ஆகியவற்றுக்கே உண்டு. கரு ஒன்றாக இருந்து, அதை நடத்திச் சென்ற விதம் முற்றிலும் வேறாக இருந்தால் பின்வந்தது புதிய படைப்பு. இரண்டையும் கண்ட பொதுப் பார்வையாளர் ஒருவருக்கு இரண்டாவது முதலாவதன் நகல் என்ற ஐயமற்ற எண்ணம் தோன்றுகிறதா என்பதே சோதனை.

மொழியியல் படித்தவருக்கு இந்த வாக்கியத்தில் ஒரு சொல் உறுத்தும். ஆங்கிலத் தீர்ப்பில் 'பிளாட்' என்ற சொல் உரிமையற்றவற்றின் பட்டியலில் நிற்கிறது. 'அரேஞ்ச்மென்ட்' என்ற சொல் உரிமையுள்ளவற்றின் பட்டியலில் நிற்கிறது. ஆனால் அரிஸ்டாட்டில் 'மைதோஸ்' என்று சொன்னதே நிகழ்ச்சிகளின் அடுக்கமைப்பைத்தான். நம் பாடநூல்கள் 'பிளாட்' என்று மொழிபெயர்ப்பதும் அதையே. ஆக, இலக்கியக் கோட்பாடு 'பிளாட்' என்று அழைப்பதை நீதிமன்றம் 'அரேஞ்ச்மென்ட்' என்கிறது. நீதிமன்றம் 'பிளாட்' என்பதோ கோட்பாட்டாளரின் 'கதை'க்கு நெருக்கமானது. இது நீதிபதிகளின் பிழையன்று. அச்சொல்லே ஆங்கிலத்தில் இரு பொருள்களுக்கு இடையே ஊசலாடி வந்திருக்கிறது.

1927இல் கேம்பிரிட்ஜ் சொற்பொழிவுகளில் ஈ.எம். ஃபார்ஸ்டர் வகுத்த பிரிவைத்தான் நாம் அனைவரும் முதலில் கற்கிறோம். அரசனும் அரசியும் இறக்கும் அந்த எடுத்துக்காட்டைத் தெரியாத முதுகலை மாணவர் இல்லை. அவருக்குக் கதை என்பது காலவரிசை. கதைப்பின்னல் என்பது காரணத்தொடர்பு. இதற்குச் சில ஆண்டுகள் முன்பே ரஷ்ய உருவவியலார் வேறோர் இடத்தில் கோடு போட்டார்கள். 1925இல் வெளியான தோமஷெவ்ஸ்கியின் பாடநூலில் 'ஃபாபுலா' என்பதற்குள்ளேயே காலமும் காரணமும் அடங்கும். அவற்றை வாசகர் முன் எந்த வரிசையில், எதை மறைத்து, எதை முந்தி வைக்கிறோம் என்பது 'சூஷெட்'. ஃபார்ஸ்டரின் கதைப்பின்னலில் பாதி உருவவியலாரின் கதைக்குள் போய்விடுகிறது. இரண்டையும் ஒன்றாக்கி எழுதும் தேர்வு விடைகள் நம் பல்கலைக்கழகங்களில் ஏராளம். இரண்டுக்கும் நாம் 'கதை – கதைப்பின்னல்' என்ற ஒரே சொல்லிணையைப் பயன்படுத்துவது அதற்கு ஒரு காரணம். உருவவியலாரின் பிரிவே திரைக்கதைக்கு அதிகம் பொருந்துகிறது. அதில் வியப்பில்லை: அவர்களுள் முதன்மையான ஷ்க்லோவ்ஸ்கி தாமே திரைக்கதை எழுதியவர். குலெஷோவ் 1926இல் இயக்கிய 'சட்டப்படி' அவர் ஜாக் லண்டனின் சிறுகதையிலிருந்து எழுதியது. ஒருவர் கதையை இன்னொருவர் திரைக்குப் பின்னித் தருவது என்னவென்று அவருக்குக் கைப்பழக்கமாகத் தெரியும்.

ஆயினும் இந்தப் பிரிவினை 20ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியக் கண்டுபிடிப்பு என்று எழுதுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. பத்தாம் நூற்றாண்டில் தனஞ்சயர் எழுதிய 'தசரூபகம்' நாடகப் பொருளை நேரே காட்டத்தக்கது, குறிப்பால் உணர்த்தத்தக்கது என்று இரண்டாக வகுக்கிறது. பின்னதைச் சொல்ல விஷ்கம்பகம், பிரவேசகம் முதலிய ஐந்து உத்திகளைத் தருகிறது. கதையில் நடந்தவை எல்லாம் மேடையில் நடக்க வேண்டியதில்லை. எது எங்கே எவ்வளவு தெரியவேண்டும் என்பது தனிக் கலை என்ற தெளிவு இதில் இருக்கிறது. சாகுந்தலத்தில் துர்வாசரின் சாபம் நாம் காணும் காட்சியாக இல்லை. நான்காம் அங்கத்தின் முன்னுரைப் பகுதியில் தோழியர் இருவர் பூப்பறித்துக்கொண்டிருக்கையில் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரலாக வருகிறது. நாடகத்தின் மொத்தத் திருப்பமும் அந்தக் குரலில் இருக்கிறது. சகுந்தலையோ அதைக் கேட்கவில்லை.

மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் அந்தச் சாபமே கிடையாது, மோதிரமும் கிடையாது. அங்கே துஷ்யந்தன் எல்லாம் நினைவிருந்தும் அவையில் அவளை மறுக்கிறான். காளிதாசன் சேர்த்த இந்த ஒரு கண்ணியைக் காஷ்மீரத்துக் குந்தகர் 'வக்ரோக்திஜீவித'த்தில் எடுத்து ஆராய்கிறார். பழைய கதைக்குள் கவி புதிதாகப் படைத்து வைத்த பகுதியின் அழகுக்கு அதைச் சான்றாக்குகிறார். அதே நூலின் இறுதிப் பகுதியில், ஒரே கதையில் பிறந்த நூல்களும் உயிரினங்களைப்போலத் தத்தம் குணத்தால் தனித்தனியே விளங்கும் என்ற கருத்தையும் வைக்கிறார். ஃபசல் அலியின் விதியோடு இதை அருகருகே வைத்துப் பாருங்கள்.

இன்னும் கூர்மையானது ராஜசேகரரின் 'காவியமீமாம்சை'. பிறர் பொருளைக் கவர்வது பற்றி அதில் தனி அத்தியாயங்களே உண்டு. ஆனந்தவர்த்தனர் முன்னரே மூன்றாகச் சொன்ன ஒப்புமையை ராஜசேகரர் நான்காக விரிக்கிறார். பொருள் முழுதும் அதுவே, வாக்கியம் மட்டும் வேறு என்றால் அது கண்ணாடி நிழல். சில மெருகுகளால் வேறுபோலத் தோன்றினால் ஓவியப் பிரதி. தனித்தனிப் பொருள்கள் மிகுந்த ஒப்புமையால் ஒன்றெனத் தோன்றினால் ஒத்த உடலினர். வேர் ஒன்றாக இருந்து, அதைச் சுற்றிய கட்டமைப்பு வெகுவாக வேறுபட்டால் அது பிறர் நகரினுள் நுழைவதை ஒத்தது. ராஜசேகரர் பேசுவது பெரிதும் தனிச் செய்யுளின் பொருளைப் பற்றி. முழுக்கதையைப் பற்றி அல்ல. எனவே இதை அப்படியே கதையாடல் கோட்பாடாக்கிவிடக் கூடாது. அவருடைய கவலையும் மதிப்புப் பற்றியது, உடைமை பற்றியதன்று. எனினும் 'வேர்', 'கட்டு' என்ற அந்த இணை, 'பிளாட்' என்ற சொல்லைவிட உச்சநீதிமன்றத்துக்கு அதிகம் உதவியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

வழக்குக்குத் திரும்புவோம். நீதிபதிகள் படத்தைத் திரையிட்டுப் பார்த்தார்கள், நாடகத்தோடு ஒப்பிட்டார்கள். நாடகத்தில் மாகாணப் பற்று என்பது ஒரு திருமணத்துக்குத் தடையாக மட்டும் வருகிறது. படத்தில் அது வாடகை வீட்டு வாசலிலும் நிற்கிறது. வரதட்சணைக் கொடுமை என்ற வேறொரு கருவும் சேர்கிறது. ஆகவே இது நகலன்று என்று முடிவாயிற்று. நீதிபதி ஆர்.எஸ். பதக் உடன்பட்டுத் தனியாக ஒரு சிறு கருத்துரை எழுதினார். படத்தின் எழுத்தாளர்களுக்கு நாடகத்தின் அமைப்புத் தெரிந்திருந்தது, அதன் தாக்கமும் ஓரளவு இருக்கிறது என்று அவர் ஒப்புகிறார். படத்தின் கதை நாடகத்தின் பின்னலைக் கடந்து செல்கிறது என்றும் சொல்கிறார். கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் ஒருமித்து எட்டிய முடிவில் தலையிடத் தயங்கியே உடன்பட்டார் என்பது அந்த வரிகளைப் படித்தால் தெரியும். எனக்கு அந்தச் சில பத்திகளே தீர்ப்பின் மிக நேர்மையான பகுதியாகப் படுகின்றன.

இதே கரு 1930இல் நியூயார்க்கின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றிலும் வந்திருந்தது. அங்கே யூதக் குடும்பமும் ஐரிஷ் குடும்பமும், பிள்ளைகளிடையே காதல், ஆன் நிக்கல்ஸின் நாடகம், யுனிவர்சலின் படம். நாடகத்திலிருந்து விவரங்களை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போனால் பொதுமை கூடிக்கொண்டே போகும், கடைசியில் தலைப்பு மட்டும் மிஞ்சும், இந்தப் படிகளில் எங்கோ ஓரிடத்தில் உரிமை முடிகிறது என்றார் நீதிபதி லேர்னட் ஹேண்ட். அந்த இடத்தை யாராலும் திட்டமாகக் குறிக்க முடியவில்லை என்பதையும் மறைக்கவில்லை. அங்கும் நாடகாசிரியரே தோற்றார்.

அந்த இடம் எங்கே இருக்கும் என்பதை அனைவரும் அறிந்த ஒரு படத்தில் சோதித்துப் பார்க்கலாம். 1975 ஆகஸ்ட் 15இல் வெளியான 'ஷோலே'யின் கதையைக் காலவரிசையில் சொன்னால் இப்படி: ஒரு காவல் அதிகாரி இரண்டு திருடர்களின் துணிவை ஒரு ரயில் சண்டையில் காண்கிறார், பின்னர் ஒரு கொள்ளைத் தலைவனைப் பிடிக்கிறார், அவன் சிறையிலிருந்து தப்பி அவர் குடும்பத்தைக் கொல்கிறான், பழிவாங்கப் போன அவருடைய இரு கைகளையும் வெட்டுகிறான், அவர் அந்தத் திருடர்களைக் கூலிக்கு அமர்த்துகிறார். இந்த அளவில் இது எவரும் எடுத்தாளக்கூடிய கதை.

சலீமும் ஜாவேதும் எழுதிய படமோ கடைசிப் படியில் தொடங்குகிறது. தாக்கூரை நாம் முதலில் காணும்போதே அவர் தோளில் சால்வை இருக்கிறது. ஓய்வுபெற்ற நிலக்கிழாருக்கு அது இயல்பான உடை. நாம் கேள்வி கேட்பதில்லை. ஹோலி நாளில் கப்பர் தாக்கும்போது துப்பாக்கி அவருக்கு எட்டும் தூரத்தில் கிடக்கிறது, அவர் எடுப்பதில்லை. ஜெய், வீருவோடு நமக்கும் கோபம் வருகிறது. அதற்குப் பிறகுதான் பழைய நிகழ்ச்சி சொல்லப்படுகிறது, சால்வை விலகுகிறது. வெட்டப்பட்ட கைகள் கதையைச் சேர்ந்தவை. சால்வை கதைப்பின்னலைச் சேர்ந்தது. காலவரிசையில் சொல்லியிருந்தால் அவர் மீது நமக்கு இரக்கம் மட்டுமே இருந்திருக்கும். இந்த வரிசையிலோ, அவரைக் கோழையென்று எண்ணிய நம் கோபம் நம்மிடமே திரும்பி வருகிறது. கைகளை இழந்த அதிகாரி ஒருவரை வைத்து நாளை ஒருவர் படமெடுத்தால் அது நகல் ஆகாது. சால்வையையும் எட்டாத துப்பாக்கியையும் அந்த வரிசையில் எடுத்தால் ஆகும். நெருக்கடி நிலைக் காலத்துத் தணிக்கை, தாக்கூர் கப்பரைக் கொல்லும் முடிவை மாற்றச் சொன்னது. அவர்கள் கைவைத்தது கதையில். பின்னல் குலையாததால் படம் நின்றது.

நம் திரைப்படங்களின் பெயர்ப்பட்டியலும் இந்த வேறுபாட்டை நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. இந்தியில் 'கதா, பட்கதா, சம்வாத்'. மலையாளத்தில் 'கத, திரக்கத, சம்பாஷணம்'. தமிழில் 'கதை, திரைக்கதை, வசனம்'. வங்காளியில் மட்டும் 'காஹினி, சித்ரநாட்டிய'. அங்கே திரைக்கதை கதையின் ஒரு வகையாக அன்றி நாடகத்தின் ஒரு வகையாகப் பெயர் பெற்றிருக்கிறது. ஏனைய மொழிகளில் இரண்டு சொல்லிலும் 'கதை' இருப்பதால், திரைக்கதை என்பது கதையைத் திரைக்கு ஏற்றி எழுதுவது மட்டுமே என்ற எண்ணம் எளிதில் வேரூன்றுகிறது. ஹாலிவுட்டிலும் 'மூலக்கதை'க்குத் தனி ஆஸ்கர் இருந்தது; 1956ஆம் ஆண்டுப் படங்களோடு அது நின்றது. நம்முடைய பட்டியல் பிரிவு இன்னும் இருக்கிறது.

ஆனால் தொழில் நடைமுறை பட்டியலைப் பின்பற்றுவதில்லை. மும்பையிலோ கொச்சியிலோ ஹைதராபாத்திலோ எழுத்தாளர் தம் படைப்பை முதலில் விற்பது வாய்வழியாக. தயாரிப்பாளரின் அறையில் அமர்ந்து கதை சொல்கிறார். ஒரு மணி நேரச் சொல்லலில் கேட்பவர் மனத்தில் தங்குவது வேர். கட்டு எழுத்தில் வந்தால்தான் நிற்கும். சட்டம் காப்பது கட்டை. 1955இல் மோகன் சேகல் முன் ஆனந்த் அமர்ந்திருந்ததும் இத்தகைய ஓர் அறையில்தான். திரைக்கதையாளர் சங்கங்களில் கதைச்சுருக்கத்தைப் பதிவு செய்யும் வழக்கம் இந்த இடைவெளியை அடைக்கவே. ஆயினும் சுருக்கம் என்பது இயல்பிலேயே பின்னலை இழந்த வடிவம்.

2003இல் மும்பை உயர்நீதிமன்றம் இதற்கு வேறொரு வழியைக் காட்டியது. 'கிருஷ் கன்னையா' என்ற தொலைக்காட்சித் தொடருக்கான கருத்துருவை ஒரு நிறுவனம் ஜீ தொலைக்காட்சியிடம் சொல்லியிருந்தது. பின்னர் 'கன்னையா' என்ற தொடர் வந்தது. நீதிமன்றம் தடை விதித்தது. பதிப்புரிமையோடு நம்பிக்கை மீறலையும் அது அடிப்படையாகக் கொண்டது. போதிய விவரங்களோடு வளர்த்தெடுத்த கருத்துருவை நம்பிக்கையில் ஒருவரிடம் சொல்லியிருந்தால், கேட்டவர் அதைத் தம் விருப்பத்துக்கு எடுத்தாள முடியாது. இங்கே கேள்வி கதையா பின்னலா என்பதிலிருந்து நகர்ந்து, யாரிடம், எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்பதற்கு வந்துவிடுகிறது. ஆனந்தின் வழக்கு 1978இல் இந்தக் கோணத்தில் தீர்மானிக்கப்படவில்லை.