முதுகுன்றத்துக் கிழத்தி

விருத்தாசலத்தின் பழைய பெயர் திருமுதுகுன்றம். பழமலை என்றும் சொல்வார்கள். சம்பந்தரும் சுந்தரரும் பாடியது முதுகுன்றத்தைத்தான். விருத்தாசலம் என்பது அந்தத் தமிழ்ப் பெயருக்குப் பின்னால் வந்த வடமொழி உடை. ஊருக்கு முதல்முறை வருகிறவர்கள் தவறாமல் கேட்பது, மலை எங்கே என்று. மணிமுத்தாற்றுப் பாலத்தில் நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் குன்று என்று கைகாட்ட ஒன்றுமில்லை. பிரமன் மலைகளைப் படைக்கத் தொடங்கும் முன்பே சிவன் இங்கே மலையாக நின்றுவிட்டான், ஆகவே உலகத்து மலைகளுக்கெல்லாம் இதுவே மூத்தது என்கிறது தலபுராணம். அந்த மலை மண்ணுக்குள் அழுந்திக் கிடக்கிறது என்பது ஊர்ப்பேச்சு.

நிலவியலைப் படித்தால் இந்தப் பேச்சைச் சிரித்துத் தள்ள முடியாது. மணிமுத்தாறு மேற்கே கல்வராயன் மலையில் பிறந்து, நல்லூரருகே கோமுகியைச் சேர்த்துக்கொண்டு, விருத்தாசலத்தைக் கடந்து, கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. அது பிறக்கும் மலையின் பாறைக்கு ஏறத்தாழ 250 கோடி வயது. பூமியின் வயது சுமார் 460 கோடி ஆண்டுகள் என்றால், அதில் பாதிக்கும் மேலான காலத்தை அந்தப் பாறை பார்த்திருக்கிறது. மேற்கே மலையாக எழுந்து நிற்கும் இந்தப் பழம்பாறை கிழக்கே போகப்போக மண்ணுக்கடியில் இறங்கிவிடுகிறது. அதன்மேல் கடல் வந்து போயிருக்கிறது. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கம் கடலாக இருந்ததற்குச் சாட்சியாக, அரியலூரில் கிடைப்பதுபோல விருத்தாசலத்தை ஒட்டிய படிவுகளிலும் கடலுயிர்களின் புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன. கடல் பின்வாங்கிய பிறகு ஆறுகள் மணலையும் களிமண்ணையும் கொண்டுவந்து கொட்டின. நெய்வேலியில் காடுகள் புதைந்து பழுப்பு நிலக்கரியாயின. நல்லூரிலிருந்து ஆற்றோடு கிழக்கே நடந்தால் நாம் கடப்பது இருபது முப்பது கிலோமீட்டர் அல்ல, கோடிக்கணக்கான ஆண்டுகள்.

பூமியின் அழகு என்றால் அருவியும் பனிமலையும் என்று நம்மைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அவை இல்லை. எங்களுக்கு வாய்த்த அழகு முதுமை. அந்த முதுமையை ஊரின் பெயராகவே சூட்டிக்கொள்ளத் தெரிந்த சமூகம், பெண்ணின் முதுமையை என்ன செய்தது?

கோயிலுக்குள் போவோம். அம்மனின் பெயர் விருத்தாம்பிகை, தமிழில் பெரியநாயகி. மலையைப் போலவே அவளும் மூத்தவள். குருநமசிவாயர் திருவண்ணாமலையிலிருந்து சிதம்பரத்துக்கு நடந்துபோகும் வழியில் இங்கே தங்குகிறார். பசி. பெரியநாயகியைக் கிழத்தி என்று விளித்து, சோறு கொண்டுவா என்று பாடுகிறார். அவள் மூதாட்டி உருவில் எதிரே வந்து கேட்கிறாள்: என்னைக் கிழத்தி என்று பாடினாயே, கிழவி எப்படிச் சோறும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு நடந்து வருவாள்? அவர் உடனே இளையவளாக மாற்றிப் பாடுகிறார். அவள் இளம்பெண்ணாகி அன்னம் கொண்டுவருகிறாள். இன்றும் இந்தக் கோயிலில் பெரியநாயகிக்குப் பக்கத்திலேயே பாலாம்பிகை என்ற இளைய அம்மனுக்கும் சன்னதி இருக்கிறது.

பக்திக் கதையாக இதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பெண்ணாக நின்று கேட்டால் இரண்டு விஷயங்கள் உறைக்கும். ஒன்று, சிவன் முதியவனாக இருப்பதில் யாருக்கும் சிக்கல் இல்லை. பழமலைநாதர் என்ற பெயரே அவருக்குப் பெருமை. அவரை யாரும் இளைஞனாக மாற்றிப் பாடவில்லை. இரண்டு, அம்மனின் இளமை எதற்குத் தேவைப்பட்டது? சோறு சுமக்க. முதுமையில் ஆணுக்கு மதிப்பு கூடுகிறது. பெண்ணுக்கு வேலை ஓடாது என்ற கணக்கு வருகிறது. அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியவள் தேவியே என்பதுதான் கதையின் கூர்மை. என்னிடம் உழைப்பு கேட்கிறாய், கேட்கும்போதே கிழவி என்கிறாய் என்று அவள் மடக்குவதாகவும் இதை வாசிக்கலாம்.

அந்தச் சொல்லின் வரலாறு இன்னும் சுவையானது. தொல்காப்பியத்தில் கிழவன், கிழத்தி என்றால் தலைவன், தலைவி. கிழமை என்றால் உரிமை. நிலக்கிழார் என்ற சொல்லில் அந்தப் பொருள் இன்னமும் உயிரோடு இருக்கிறது. உரிமையுடையவள் கிழத்தி. குருநமசிவாயர் அந்தப் பழைய பொருளில்கூடப் பாடியிருக்கலாம்: சிவனுக்கு உரியவள், ஊருக்குத் தலைவி. ஆனால் கதை உருவான காலத்தில் அச்சொல்லைக் கேட்டவர் காதில் மூப்பு மட்டுமே விழுந்திருக்கிறது. உரிமையைச் சுட்டிய சொல் உடல் தளர்ச்சியைச் சுட்டும் சொல்லாகத் தேய்ந்தது. கிழார் என்ற ஆண்பாலில் உரிமை தங்கியது. கிழவி என்ற பெண்பாலில் வசை தங்கியது.

பாட்டியல் நூல்கள் இதை இலக்கணமாகவே எழுதி வைத்தன. உலா இலக்கியத்தில் வரும் ஏழு பருவப் பெண்களை நம் மாணவிகள் மனப்பாடமாகச் சொல்வார்கள்: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். பேரிளம்பெண்ணுக்கு வயது 32 முதல் 40 வரை. கடைசிப் பருவத்தின் பெயரிலும் ‘இளம்’ ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். ஆணுக்கும் பருவங்கள் உண்டு: பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன். ஆணின் பட்டியல் முதுமகன் என்று முதுமையை ஏற்று முடிகிறது. பெண்ணின் பட்டியல் நாற்பதோடு நின்றுவிடுகிறது. ஒருமுறை வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, “நாப்பதுக்கு மேல என்ன பேருங்கம்மா?” என்று கேட்டாள். நாற்பதைக் கடந்த நான் கரும்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். “பேர் இல்லம்மா” என்றேன். வகுப்பு சிரித்தது. சிரித்து முடித்ததும் ஓர் அமைதி வந்தது.

முதிய பெண்களுக்குத் தமிழில் இடமே இல்லை என்று சொல்லவரவில்லை. முல்லைப்பாட்டில் போருக்குப் போன தலைவனுக்காக ஊர்ப்புறத்தில் நின்று நற்சொல் கேட்கிறவர்கள் பெருமுது பெண்டிர். காரைக்காலம்மையார் தன் உடலின் அழகைத் தானே உதறினார். மணத்திலிருந்து தப்பிக்க முதுமையை வரமாகக் கேட்டு வாங்கியவள் என்பது ஔவையைப் பற்றிய கதை. ஆனால் இவர்களுக்கெல்லாம் முதுமை ஒரு விலகல்: குடும்பத்துக்கு வெளியே, ஊருக்கு ஓரத்தில். வீட்டுக்குள் இருக்கும் முதிய பெண்ணுக்கு, அவள் உடலுக்கு, அதன் அழகுக்கு இலக்கியம் எந்தப் பருவமும் ஒதுக்கவில்லை.

வரலாற்றில் ஒருத்தி இருக்கிறாள். இன்று நாம் காணும் முதுகுன்றத்துக் கோயிலின் கருவறையைக் கல்லால் எடுப்பித்தவர் செம்பியன் மாதேவி. உத்தம சோழனின் 12ஆம் ஆட்சியாண்டு, அதாவது 980களின் தொடக்கம். கணவர் கண்டராதித்தர் இறந்து அப்போதே கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. கைம்பெண் என்றால் மூலையில் இருக்கவேண்டியவள் என்று சொல்லும் சமூகத்தில் அவர் செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றிக்கொண்டே போனார்: கோனேரிராசபுரம், ஆடுதுறை, குத்தாலம், முதுகுன்றம். அவர் காலத்தில் சோழ அரியணையில் ஒருவர்பின் ஒருவராக அரசர்கள் மாறினார்கள். பணியை நிறுத்தாமல் இருந்தவர் அவர். ராசராசனின் 16ஆம் ஆட்சியாண்டான 1001இல் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கற்றளி எடுத்ததாகக் கல்வெட்டு சொல்லும்போது அவர் நன்றாக முதிர்ந்த மூதாட்டி. செம்பியன் மாதேவி என்பது சோழர்களின் பெருந்தேவி என்ற பட்டம். கல்வெட்டுகள் அவரை மழவரையர் மகள், கண்டராதித்தர் தேவி, உத்தம சோழனைப் பெற்றவர் என்று அடையாளப்படுத்துகின்றன.

வாசிங்டன் நகரின் ஃப்ரீயர் அருங்காட்சியகத்தில் ஒரு சோழர் காலச் செப்புத்திருமேனி இருக்கிறது. செம்பியன் மாதேவியைப் பார்வதி வடிவில் வார்த்தது என்று கலை வரலாற்றாளர்கள் பலர் கருதுவது அது. சிறுத்த இடை, நிமிர்ந்த மார்பு, வழுவழுப்பான தோள். அது அவர்தான் என்றால், அரை நூற்றாண்டு உழைத்த ஒரு முதியவளின் உடலிலிருந்து அந்த உழைப்பின் ஒரு சுருக்கம்கூடச் சிலையில் சேரவில்லை. பெரியநாயகிக்குப் பாட்டில் நடந்தது அரசிக்குச் செம்பில் நடந்தது.

அவர் கோயில் எடுத்த திருவக்கரையில் இயற்கை வேறொரு சிற்பக்கூடம் நடத்தியிருக்கிறது. ஊரையொட்டிய செம்மண் மேடுகளில் மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். வெள்ளம் புரட்டிக்கொண்டு வந்த அடிமரங்கள் மணலில் ஆழப் புதைந்தன. காற்றுப் படாததால் உடனே மக்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் ஒவ்வொரு நுண்ணறையிலும் நுழைந்து படிந்தது. மரம் போய்க் கல் வந்தது, ஆனால் வடிவம் போகவில்லை. நார் ஓடிய திசையும் கிளை முறிந்த கணுவும் அப்படியே தெரிகின்றன. கிளையும் வேரும் இல்லாமல் அடிமரங்களாகவே கிடப்பதால், இவை வேறெங்கோ வளர்ந்து அடித்துவரப்பட்டவை என்று அறிஞர்கள் முடிவுசெய்தார்கள். பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா 1781இல் இவற்றைப் பற்றி எழுதினார். இன்று இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் பாதுகாப்பில் தேசிய கல்மரப் பூங்காவாக இருக்கிறது. இந்த மரங்களுக்கு வேலி போட்டிருப்பது அவை வயதானவை என்பதால்தான். பிளவும் வெடிப்பும் இல்லாத கல்மரம் ஒன்றுகூட அங்கே இல்லை. அந்தப் பிளவுகளைத்தான் மாணவர்கள் குனிந்து பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். வெடிப்பை யாரும் பூசி மறைப்பதில்லை.

இதே படிவு வரிசையின் களிமண்தான் விருத்தாசலத்தைப் பீங்கான் ஊராக்கியது. 1956இல் நெய்வேலி நிறுவனம் தொடங்கப்பட்டு, நிலக்கரிக்காக மேல்மண் அகற்றப்பட்டபோது வெண்களிமண்ணும் சேர்ந்து வந்தது. அதை நம்பிப் பீங்கான் தொழிற்பேட்டை வளர்ந்தது. களிமண் கூழை அச்சில் ஊற்றுவது, பிரித்தெடுத்த பொம்மையின் விளிம்பைச் சீவித் தேய்ப்பது, வெயிலில் அடுக்குவது, வண்ணம் பூசுவது என்று பல வேலைகளில் பெண்கள் இருக்கிறார்கள். கார்த்திகைக்கு அகல், நவராத்திரிக்குக் கொலு. இலட்சுமியும் சரசுவதியும் ஆண்டாளும் மாறாத இளமையோடு அச்சிலிருந்து வெளியே வருகிறார்கள். கொலுப்படியில் பெயரோடு அமரும் முதிய பெண் என்றால் முருகனிடம் சுட்ட பழம் கேட்ட ஔவை ஒருத்திதான். இளமையைத் தேய்த்து மெருகேற்றும் கைகளுக்கோ வயதாகிக்கொண்டிருக்கிறது. கண் மங்கினால், இடுப்பு பிடித்துக்கொண்டால் அந்தக் கைகளுக்கு வேலை இல்லை. கிழவி எப்படிச் சோறு சுமப்பாள் என்ற அதே கணக்கு.

நிலத்தைப் பயனால் மட்டும் அளக்கிற கண்ணும் பெண்ணைப் பயனால் மட்டும் அளக்கிற கண்ணும் ஒன்றே. விளையும்வரை நிலம், பெறும்வரை பெண். பிறகு ஒன்று தோண்டி எடுக்கப்படும், மற்றது ஒதுக்கி வைக்கப்படும். ஆனால் பூமி விளைச்சலால் மட்டும் வியப்பானதல்ல. நடந்ததையெல்லாம் அடுக்கடுக்காக உடம்பில் வைத்திருப்பதால் வியப்பானது. கடல் வந்ததும் போனதும் அதற்கு நினைவிருக்கிறது. எழுபது வயதுப் பெண்ணின் உடம்பும் அப்படிப்பட்ட படிவுதான்: பெற்ற பிள்ளைகள், நட்ட நாற்று, சுமந்த மண், பட்ட அடி.

மாணவிகளுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். உங்கள் ஊர் மண்ணின் பெயர்களை உங்கள் பாட்டிமாரிடம் கேட்டு எழுதுங்கள். எந்த மண் சுவருக்கு, எது அடுப்புக்கு, எது நெல்லுக்கு, எந்தக் கிணறு எந்த ஆண்டு வற்றியது என்று அவர்களுக்குத் தெரியும். பேரிளம்பெண்ணோடு நின்றுபோன பட்டியலில் எட்டாவதாகக் கிழத்தி என்று எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் பொருள்: உரிமையுடையவள்.