நீராடலும் நீறாடலும்

திருவிழா நாட்களில் நாம் வைகறையில் எழுந்து, நீராடி, திருநீறு அணிந்து திருக்கோயிலை நோக்கிப் புறப்படுகிறோம். அவ்வேளையில் வீட்டு இளைஞர் ஒருவர் வினவுவது உண்டு: "நேற்று மாலையில்தானே குளித்தேன்! இன்று காலையில் மறுபடியும் எதற்கு? ஒருவன் எத்தனை முறை குளித்தால் போதும்?" இவ்வினாவை அதட்டி அடக்கிவிடுதல் எளிது. ஆயினும் அது தகாது. நம் முன்னோர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக எண்ணிப் பார்த்த வினா அது. அதற்கு அவர்கள் தந்த விடைகளும் ஒன்றல்ல, பல.

முதலில் தில்லைக்குச் செல்வோம். அங்கே படிகலிங்கப் பெருமானுக்கு நாள்தோறும் ஆறு காலமும் திருமஞ்சனம் நிகழ்கிறது. அதே சந்நிதியில் ஆடல் புரியும் கூத்தப் பெருமானுக்கோ ஆண்டு முழுமைக்கும் ஆறே திருமஞ்சனங்கள். சித்திரைத் திருவோணம், ஆனி உத்திரம், மார்கழித் திருவாதிரை ஆகிய மூன்று நட்சத்திரங்களிலும், ஆவணி, புரட்டாசி, மாசி ஆகிய மூன்று மாதங்களின் சதுர்த்தசி திதிகளிலும் அவை நிகழும். மனிதரின் ஓராண்டு தேவர்க்கு ஒரு நாள் என்று கொண்டு, இவற்றை அந்த ஒரு நாளின் ஆறு காலப் பூசை எனப் பெரியோர் விளக்குவர். ஒரே கூரையின் கீழ் ஒரு மூர்த்திக்கு நாளில் ஆறு முறை. மற்றொரு மூர்த்திக்கு ஆண்டில் ஆறு முறை. இறைவன் திருமேனிக்கே ஒரே கணக்கு இல்லை என்றால், மனித உடம்புக்கு மட்டும் ஒரே கணக்கு எவ்வாறு அமையும்?

இனி நம் ஊருக்கு அருகில் வருவோம். மதுரைக்கு மேற்கே, தேனிச் சாலையில் அமைந்தது நாகமலைப் புதுக்கோட்டை. அவ்வூருக்குப் பெயர் தந்து நீண்டு கிடக்கும் மலையை நாம் அனைவரும் அறிவோம். சமணர் ஏவிய நாகம் ஒன்றை அனந்தகுண பாண்டியன் சோமசுந்தரக் கடவுளை வணங்கி அம்பெய்து வீழ்த்தினான் என்றும், அதுவே இம்மலையாயிற்று என்றும் திருவிளையாடற் புராணம் கூறும். புராணத்தில் மட்டுமன்றி வரலாற்றிலும் இப்பகுதிக்குச் சமணத் தொடர்பு உண்டு. அருகே கீழக்குயில்குடியில் உள்ள குன்றுக்கு இன்றும் சமணர் மலை என்றே பெயர். அங்கே செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. முத்துப்பட்டி, கொங்கர்புளியங்குளம் முதலிய இடங்களில் கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளும் காணப்படுகின்றன.

இக்குன்றுகளில் தங்கிய துறவியர் நீராடாமையை ஒரு நோன்பாகவே கொண்டவர்கள். திகம்பர முனிவர்க்குரிய இருபத்தெட்டு அடிப்படை ஒழுக்கங்களுள் அதுவும் ஒன்று. நீரிலும் உயிர்கள் உண்டு; நம் உடம்பை அலசுவதற்காக அவற்றை வருத்துதல் ஆகாது என்பது ஒரு காரணம். உடம்பைப் பேணி அழகு செய்யும் பற்றை விடவேண்டும் என்பது மற்றொரு காரணம். அச்சமயத்து இல்லறத்தாரோ நீராடியே வழிபாடு செய்வர். ஆகவே நீராடாமை துறவிக்கு மட்டும் உரிய கடுநோன்பு என்பது விளங்கும். ஏழாம் நூற்றாண்டில் இரு சமயத்தாரும் வாதிட்டபோது, இந்நோன்பு நம்மவரின் கண்டனத்துக்கு இலக்காயிற்று. தேவாரத்தில் அதன் தடங்களைக் காணலாம். அன்றைய பூசல் அன்றைக்கு உரியது. இன்று அவ்வழியே செல்லும்போது, கொள்கைக்காக ஒருவர் நீரைத் துறந்தார் என்று அறிந்து மதித்துச் செல்வதே நமக்கு அழகாகும்.

பௌத்த நூல்களில் இவ்வினாவுக்கு வேறொரு விடை உண்டு. இராசகிருகத்தில் தபோதை என்னும் வெந்நீர் ஊற்று இருந்தது. பிம்பிசார மன்னன் தலைமுழுக அங்கே சென்றான். பிக்குகள் நீராடிக்கொண்டிருந்தமையால், அவர்கள் முடிக்கட்டும் என்று காத்திருந்தான். அவர்களோ இருட்டும் வரையில் நீராடினர். மன்னன் குளித்து மீள்வதற்குள் நகர வாயில் அடைக்கப்பட்டுவிட்டது. அவன் இரவை நகருக்கு வெளியே கழித்தான். இதனை அறிந்த புத்தர், அளவறியாமல் நீராடிய பிக்குகளைக் கடிந்து, பதினைந்து நாட்களுக்கு ஒரு முறைக்கு மேல் நீராடலாகாது என விதித்தார் என்று விநய நூல் கூறுகிறது.

விதி பிறந்தவுடன் விலக்குகளும் பிறந்தன. கோடையில் குளிக்கலாம், நோயுற்றால் குளிக்கலாம், உடலுழைப்புச் செய்தால் குளிக்கலாம், வழிநடந்து வந்தால் குளிக்கலாம், புழுதிக் காற்றிலும் மழையிலும் அகப்பட்டால் குளிக்கலாம். மத்திய தேசத்துக்கு அப்பாற்பட்ட நாடுகளில் அடிக்கடி நீராடவும் இசைவு அளிக்கப்பட்டது. இவ்விலக்குகளைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். எத்தனை முறை என்பதைத் தீர்மானிப்பவை தட்பவெப்பமும், உழைப்பும், உடல்நிலையும், ஊர் வழக்குமே ஆகும். அவ்விதி பிறந்ததற்குக் காரணமும் உடம்பின் அழுக்கு அன்று. பொது நீரைச் சிலர் தம்முடையதே போலக் கொண்டதனால், மற்றொருவர் வெளியே காத்து நிற்க நேர்ந்தது என்பதே காரணம். இதனை நினைவிற் கொள்வோம், பின்னர் வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டின் மரபு நீரோடு நெருங்கியது. இன்று கிடைக்கும் பரிபாடல்கள் இருபத்திரண்டனுள் எட்டு வையையைப் பற்றியன. புதுப்புனல் வந்ததும் மதுரை மக்கள் திரண்டு சென்று ஆடிய ஆரவாரத்தை அவற்றில் காண்கிறோம். குளித்தல் என்ற சொல்லே முன்பு மூழ்குதலைக் குறித்தது; முத்துக்குளித்தல் என்னும் வழக்கில் அப்பொருள் இன்றும் நிற்கிறது. எண்ணெய் முழுக்குக்கு ஆடவர்க்குப் புதனும் சனியும், மகளிர்க்குச் செவ்வாயும் வெள்ளியும் என நம் இல்லங்களில் நாள் குறித்தனர். எண்ணெய் முழுக்கு வேறு, அன்றாடக் குளியல் வேறு என்பதும், நாள்தோறும் எண்ணெய் வேண்டுவதில்லை என்பதும் அம்முறையால் விளங்கும்.

எப்பொழுதெல்லாம் நீராட வேண்டும் என்று எண்ணிட்டுக் கூறிய நூல் ஆசாரக்கோவை. பதினெண்கீழ்க்கணக்கைச் சேர்ந்த இந்நூலைச் செய்தவர் பெருவாயின் முள்ளியார். முப்புரம் எரித்த பெருமானை ஏத்தியவராக அவரைச் சிறப்புப் பாயிரம் நமக்கு அறிமுகம் செய்கிறது. தெய்வ வழிபாட்டுக்கு முன்னும், உண்ணும் முன்னும், நெடுந்துயில் நீங்கிய பின்னும், மயிர் களைந்த பின்னும், வாந்தி எடுத்த பின்னும், இவை போன்ற பிற வேளைகளிலும் என நீராட வேண்டிய பத்துச் சமயங்களை அவர் தொகுத்துள்ளார். இவற்றுட் பல, இன்றைய மருத்துவரும் மறுக்க இயலாதவை.

உடல்நலம் இல்லாதவர் என் செய்வது? நம் சைவ நூல்கள் இங்கே காட்டும் பரிவு பெரிது. நீரில் மூழ்குதல் வாருணம். திருநீற்றை உடல் முழுதும் பூசுதல் ஆக்கினேயம். பசுக்களின் குளம்படித் துகள் மேனியிற் படுதல் வாயவியம். மந்திரத்தால் ஆவது மாந்திரம். இறைவனை உள்ளத்தில் நினைந்து ஆடுவது மானதம். இவ்வாறு நீராடலைப் பல வகையாக விரித்தமையால் நோயாளிக்கும் முதியவர்க்கும் வழிபாட்டின் கதவு அடைபடவில்லை. வெப்பு நோயால் துடித்த பாண்டியனைத் திருஞானசம்பந்தப் பெருமான் தண்ணீரில் மூழ்குவிக்கவில்லை. திருநீறு பூசியே நோய் தீர்த்தார். அது நிகழ்ந்ததும் இம்மதுரையில்தான். நீராடல் இயலாத இடத்தில் நீறாடல் போதும் என்பது நம் மரபு வகுத்த நெறி.

அன்பர்களே, இதுவரையில் வந்த பாதை இனியது. இனி வருவது சற்றுக் கசப்பானது. அதனைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆசாரக்கோவையின் பத்துச் சமயங்களுள் ஒன்று, கீழ்மக்களைத் தீண்டினால் நீராட வேண்டும் என்பது. கீழ்மக்கள் என்றால் இழிகுணம் உடையவர் என்று பொருள் கொள்வாரும் உளர். எனினும் வழக்கத்தில் என்ன நிகழ்ந்தது? வெயிலில் உழுது, நாற்று நட்டு, சேற்றில் நின்று நமக்குச் சோறிட்டவர்களைத் தொட்டால் தீட்டு என்றோம். அவர்கள் ஊர்க்குளத்தில் இறங்கவும், பொதுக்கிணற்றில் நீர் முகக்கவும் தடை விதித்தோம். பின்பு, "குளிக்காதவர்கள்" என்று அவர்களையே குறை கூறினோம். துறையை அடைத்தவனே தூய்மையைக் கேட்பது எந்த அறம்?

இவ்விடத்தில் திருநாளைப்போவார் நாயனாரை நினைந்தே ஆகவேண்டும். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த அப்பெருந்தகை திருப்புன்கூருக்குச் சென்று, வாயிலுக்கு வெளியே நின்று வழிபட்டார். நந்தி விலகி வழிவிட்ட வரலாற்றை நாம் மறப்பதில்லை. அடுத்து அவர் செய்த திருப்பணியைப் பலரும் மறந்துவிடுகிறோம். கோயிலின் அருகே பள்ளமான ஓரிடத்தைக் கண்டு, அங்கே ஒரு குளத்தை வெட்டினார் என்கிறார் சேக்கிழார். உள்ளே செல்ல இடமற்றவர், உள்ளே செல்வோர் நீராடுவதற்குக் குளம் வெட்டினார்! அத்தகையவரைத் தில்லையில் தீயில் மூழ்கி எழச் செய்தான் இறைவன். நாயனாரிடம் மாசு இருந்தது. அதனைத் தீ எரித்தது என்று இதற்குப் பொருள் கொள்ளுதல் பொருந்தாது. அவரிடம் முன்பே இருந்த தூய்மையைக் காண மாட்டாத ஊராருக்கு, இறைவன் தீயைக் கொண்டு அதனைக் காட்டினான் என்று கொள்வதே பொருந்தும்.

அண்மை வரலாறும் இதனையே பேசுகிறது. 1927 மார்ச் 20 அன்று, மகாராட்டிரப் பகுதியின் மகாட் நகரில், அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று சவதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். சட்டப்படி அனைவர்க்கும் உரிய குளம் அது. அதன் பின்னர்ச் சாதி இந்துக்கள் பஞ்சகவ்வியம் ஊற்றி அக்குளத்துக்கே தூய்மைச் சடங்கு நடத்தினர். மனிதரைத் தூய்மை செய்யும் நீரை, மனிதர் தொட்டார் என்பதற்காகத் தூய்மை செய்த விந்தை அது.

மதுரையில் 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர், கக்கன், முருகானந்தம், சின்னையா, பூர்ணலிங்கம், முத்து ஆகிய ஐந்து அரிசன அன்பர்களோடும் சண்முக நாடாரோடும் மீனாட்சியம்மன் திருக்கோயிலுக்குள் சென்று வழிபட்டார். நிருவாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார். தூய்மைச் சடங்கு வேண்டும் என்று கூறிப் பூசை செய்ய மறுத்த பட்டர்களும் இருந்தனர். எனினும் திறந்த வாயில் மீண்டும் மூடப்படவில்லை. ஆலயப் பிரவேசத்துக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டம் அவ்வாண்டிலேயே நிறைவேறியது. 1946 இல் காந்தியடிகள் இக்கோயிலுக்குள் வந்து வழிபட்டார். அன்று உள்ளே சென்ற கக்கன் பிற்காலத்தில் தமிழகத்தின் அமைச்சராக விளங்கி, எளிமைக்கு இலக்கணமாக வாழ்ந்தார். 1950 இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டம், கோயிலை மட்டும் எண்ணவில்லை. அதன் 15 ஆம் பிரிவு கிணறு, குளம், நீராடும் துறை ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, அரசின் பொருளால் பேணப்படும் அவற்றையும், பொதுமக்கள் பயன்பாட்டுக்கு ஒப்படைக்கப்பட்ட அவற்றையும் எவருக்கும் மறுக்கலாகாது என்று ஆணையிடுகிறது.

இனி இளைஞரின் வினாவுக்கு விடை கூறலாம். அனைவர்க்கும் பொதுவான எண் என்று ஒன்றை மருத்துவ நூல்கள் விதிக்கவில்லை. குளிர்நாட்டில் வீட்டுக்குள் இருப்பவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளித்தாலும் குறையில்லை. மதுரை வெயிலில் வியர்ப்பவர்க்கு நாள்தோறும் ஒரு முறை வேண்டும். வயலிலும் பட்டறையிலும் உழைப்பவர் மாலையில் மீண்டும் ஒரு முறை குளிப்பது நலம். அக்குளும் தொடை இடுக்கும் பாதமும் நாள்தோறும் கழுவப்பட வேண்டியவை. சோப்பை மிகுதியாகத் தேய்த்தால், தோலுக்குக் காப்பாக இயற்கை தந்த எண்ணெய்ப் பசை நீங்கித் தோல் வறளும். முதியவர்க்கு அரிப்பும் உண்டாகும். நோயாளியை ஈரத்துணியால் துடைத்தாலே போதும். குளித்த பின் அழுக்கு உடையையே மீண்டும் உடுத்தினால், குளித்ததன் பயன் பாதி போய்விடும். ஒரு வாளி நீர் ஏறக்குறைய 15 முதல் 20 லிட்டர். ஒருவர் குளிக்க அது போதும். குழாயைத் திறந்துவிட்டு அதன் கீழ் நெடுநேரம் நிற்பவர், தபோதையில் மன்னனைக் காக்கவைத்தவர்களைப் போன்றவரே. வெளியே குடத்தோடு காத்து நிற்பவர் இன்று நம் அண்டை வீட்டாராக இருக்கலாம்.

புறத்தூய்மையை நீருக்கும் அகத்தூய்மையை வாய்மைக்கும் உரியதாக்கினார் வள்ளுவர். எங்கும் நிறைந்த ஈசனை உணராதவன் கங்கையில் ஆடியும் காவிரியில் ஆடியும் என்ன பயன் என்று வினவினார் அப்பர் பெருமான். ஆகவே நாம் நாள்தோறும் நீராடுவோம்; வழிபாட்டுக்கு முன் நீராடுவோம்; இயலாதபோது நீறாடுவோம். ஆயினும் கோயில் வாயிலில் நமக்கு அருகே வந்து நிற்பவர் நீராடி வந்தாரா என்று நோக்க வேண்டாம். அவர் வாழும் தெருவுக்கு நீர் வந்ததா என்று நோக்குவோம். வரவில்லையெனில், ஒரு குடம் நீரையேனும் அவர் வாயிலுக்குக் கொண்டு சேர்ப்போம். குளம் வெட்டிய நாயனாரின் வழிவந்த அடியார்கள் நாம் என்பதற்கு அதுவே சான்றாகும்.

திருச்சிற்றம்பலம்.