தொட்டியில் புதினா வளர்ப்பு

புதினா, துளசியும் கற்பூரவள்ளியும் அடங்கிய லேமியேசியே குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுச் செடி. தண்டு நாற்கோணமாக இருக்கும். இலைகள் கணுவுக்குக் கணு எதிரெதிராக அமையும். நம் சந்தைகளில் கட்டுக் கட்டாக விற்கும் சமையல் புதினா பெரும்பாலும் மெந்தா ஸ்பைகேட்டா இனம். அதன் மணத்துக்கு முதன்மைக் காரணம் கார்வோன் என்ற பொருள். தைலத்துக்கும் மிட்டாய்க்கும் மென்தால் தருவது மெந்தா ஆர்வென்சிஸ் என்ற வேறொரு இனம். உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கி வட்டாரத்தில் அது வயல்பயிர்.

புதினா மண்ணையொட்டி ஓடுதண்டுகளை விட்டுப் பரவும். தரையில் நட்டால் பக்கத்துச் செடிகளின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். ஆகவே, வீட்டுத் தேவைக்குத் தொட்டியே ஏற்றது. அதிலும் வேறு செடியைச் சேர்த்து நடக் கூடாது. ஆழத்தைவிட அகலமே முக்கியம். 30 செ.மீ. அகலமும் 20 செ.மீ. ஆழமும் உள்ள தொட்டி போதும். செம்மண், மண்புழு உரம், தேங்காய் நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பலாம். நார்க்கழிவை நன்றாக அலசி உப்பை நீக்கிய பிறகே சேர்க்க வேண்டும்.

விதை தேவையில்லை. விதைநாற்றுகள் தாய்ச்செடியின் மணத்தோடு வருவது உறுதியில்லை. சமையலுக்கு வாங்கிய கட்டிலிருந்தே பருத்த தண்டுகளைப் பொறுக்கி, 10 முதல் 15 செ.மீ. நீளத்துக்குக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, நுனியில் நான்கு இலைகளை மட்டும் விட்டு நீரில் நிறுத்தலாம். நீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றினால், ஒரு வாரம் பத்து நாளில் கணுக்களில் வெள்ளை வேர் முனைகள் தெரியும். வேர் விரலளவு நீண்டதும் நட்டுவிட வேண்டும்.

காலை வெயில் நான்கைந்து மணி நேரம் போதும். சித்திரை, வைகாசி உச்சிவெயிலில் நிழல்வலை தேவை. மேல்மண் காயத் தொடங்கும்போது நீர் விட வேண்டும். அடித்தட்டில் நீர் தேங்கினால் வேர் அழுகும்.

அறுவடையில் பலர் இலையை மட்டும் கிள்ளுகிறார்கள். தண்டோடு கணுவுக்கு மேலே வெட்டுவதே சரி. வெட்டிய இடத்துக்குக் கீழுள்ள கணுவிலிருந்து இரு கிளைகள் வரும். பூமொட்டு தெரிந்ததும் நுனியை நறுக்கிவிட வேண்டும்.

ஓராண்டு செழித்த தொட்டி திடீரென நலியும். நடுவில் மொட்டையாகி, விளிம்பில் மட்டும் துளிர் நிற்கும். உரம் போதவில்லை என்று பிண்ணாக்குக் கரைசலை ஊற்றுவது பயன் தராது. மண்கட்டியை வெளியே எடுத்துப் பார்த்தால், ஓடுதண்டுகளும் வேர்களும் தொட்டிச் சுவரை ஒட்டிச் சுருள் சுருளாகச் சுற்றியிருக்கும். செடிக்குக் குறைவது இடம்தான். இளந்தண்டுகளை வேரோடு பிரித்துப் புதுக் கலவையில் நட்டால் மீண்டும் தழைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்தாக வேண்டும்.

வெப்பமும் வறட்சியும் கூடும்போது இலையின் அடியில் செம்பேன் பற்றும்; இலை மேற்புறம் மஞ்சள் புள்ளிகளாகும். அடிப்புறத்தில் நீரை வேகமாகப் பீய்ச்சினாலே பெருமளவு குறையும். குறையாவிட்டால் ஒரு லிட்டர் நீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். பச்சையாக அரைத்து உண்ணும் கீரை என்பதால் ரசாயனப் பூச்சிக்கொல்லி கூடவே கூடாது. இலையடியில் ஆரஞ்சு நிறப் பொடி தென்பட்டால் அது துரு நோய். அந்தச் செடியை வேரோடு அப்புறப்படுத்துங்கள். அதிலிருந்து நாற்றுத்தண்டு எடுக்காதீர்கள்.